தகடு வெயிலில், மின்கலம் நிழலில்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கு "நலமாயிருக்கிறோம்" என்று கூறவும் வழியின்றிப் பலர் தவித்தனர். அத்தகைய நாளுக்கென நம் குடும்பங்கள் சில சூரிய மின்னேற்றி வாங்க விரும்புகின்றன. நல்லதே. ஆயின் எதை வாங்குவது?

மலிவாய்க் கிடைப்பது, முதுகில் உள்ளங்கையளவு சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்க். அதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் நிறைவதற்கு ஏறத்தாழ 37 வாட்-மணி மின்சாரம் வேண்டும். அச்சிறு தகடு தருவதோ ஒரு வாட் அளவே. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தாலும் ஒரு வாரம் கடந்துவிடும். அதுவரை மின்கலமும் உடன் வேகும். லித்தியம் மின்கலத்துக்கு வெப்பம் பெரும்பகை. உப்பிப் பாழாகும், தீப்பற்றவும் கூடும்.

மடித்து வைக்கத்தக்க 20 வாட் தகட்டைத் தனியே வாங்குவதே மேல். தகடு வெயிலிலும் பவர் பேங்க் நிழலிலும் இருக்கட்டும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் பயன் பெரிதும் குறையும். மொட்டை மாடியே தக்க இடம். கதிரவன் நகர நகரத் தகட்டையும் திருப்ப வேண்டும். (வற்றல் காயவைக்கும் நம் தாய்மார்க்கு இதைக் கற்பிக்க வேண்டுவதில்லை!) பகலில் பவர் பேங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து கைபேசிக்கு மின்னேற்றலாம்.

அடைமழை நாள்களில் தகடு தருவது சொற்பமே. ஆதலால் புயல் எச்சரிக்கை வந்தவுடன், வீட்டு மின்சாரம் இருக்கும்போதே பவர் பேங்கை நிரப்பி வைத்துவிடுவோம்.