சட்டை இருக்கச் சிப்பா எதற்கு?

நம் மேடைகளைச் சற்றே உற்று நோக்குங்கள். தூய தமிழில் ஒரு நாழிகை முழங்கிவிட்டு இறங்கும் பேச்சாளரிடம், அவர் அணிந்துள்ள நீண்ட மேலுடுப்பின் பெயரைக் கேளுங்கள். 'ஜிப்பா' என்பார். முழக்கத்தில் தலைகாட்டாத கிரந்த எழுத்து, முழுக்கைச் சட்டையோடு ஒட்டிக்கொண்டு மேடையேறி விடுகின்றது!

இச்சொல் அரபு மொழிக்குரியது. அரபியர் தம் நீண்ட, கையகன்ற மேலாடைக்கு இட்ட பெயர் அது. மேற்கே இத்தாலியர் வாயிற் புகுந்து, பிரெஞ்சு நாட்டில் 'சூப்பு' என மாறிப் பெண்டிர் அணியும் பாவாடையைக் குறித்தது. செருமானியரிடம் 'யோப்பெ' என்னும் குறுஞ்சட்டையாயிற்று. உருசியப் பனியில் 'சூபா' என்னும் மென்மயிர்ப் போர்வையாயிற்று. போர்த்துக்கீசியர் கப்பலேறிச் சப்பானுக்குச் சென்று, கிமோனோவின் உள்ளாடையாகச் 'சூபான்' எனப் பெயர் பெற்றது. இத்தனை மொழியினரும் அதனைத் தத்தம் வாய்க்கேற்ப வளைத்துக் கொண்டனரேயன்றி, அதன்பொருட்டு அரபு எழுத்தைக் கடன் வாங்கினரா? நம் திருச்சிராப்பள்ளிச் சுருட்டைப் புகைத்துச் சுவைத்த ஆங்கிலேயன், அதனைச் 'செரூட்டு' என்றான். தன் நெடுங்கணக்கில் 27ஆம் எழுத்தொன்றைச் சேர்த்தானில்லை. அரபு மொழிக்கே பகர ஒலி இல்லை. பிறமொழிப் பகரத்தை அவர்கள் தம் ஒலியாக மாற்றியே ஆள்கின்றனர். வேற்றெழுத்தை நீக்கியே வேற்றுச்சொல்லை ஏற்க வேண்டுமெனத் தொல்காப்பியர் வகுத்திருக்கவும், நாம் மட்டும் எழுத்தையும் சேர்த்துச் சுமக்கின்றோம்.

"அப்படியாயின் 'சிப்பா' எனத் திருத்தி எழுதிக் கொள்ளலாமே?" என்று நம்மவருள்ளே சிலர் கேட்கின்றனர். ஊர்ப்பெயர்க்கும் ஆட்பெயர்க்கும் அது பொருந்தும். உடுப்புக்குப் பெயரில்லாத வறியரா நாம்? அறுத்தது அறுவை; துணித்தது துணி; துண்டித்தது துண்டு. துகில், கலிங்கம், படாம், குப்பாயம் என அடுக்கிக்கொண்டே போகலாம். யவனர் அணிந்த தைத்த உடையை முல்லைப்பாட்டு 'மெய்ப்பை' எனக் குறிக்கின்றது. அயலான் உடையைக் கண்ட புலவர், அயலான் சொல்லைத் தேடி ஓடவில்லை. கண்டதற்குத் தம் மொழியிலேயே பெயரிட்டார். பாம்பு உரிப்பதைக்கூடச் 'சட்டை' என்று சொல்லத் தெரிந்த உழவன் பிறந்த நாடு இது. நெடியதாயின் நெடுஞ்சட்டை. இதில் என்ன இடர்ப்பாடு?

அதுவும் எந்த ஊரில்! கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்செலவு நூலாகிய பெரிப்புளூசு, 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய துகிலைப் பேசுகின்றது. அது நம் உறையூரே என்பர் ஆய்வாளர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரை அகழ்ந்தபோது சாயத்தொட்டி வெளிப்பட்டது. மொழிஞாயிறு பாவாணர் திருச்சிராப்பள்ளியில் ஆசிரியப் பணியாற்றிய நாளில்தான் 1940இல் அவர்தம் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. அம் மாநகரின் கடைத்தெருவில் இன்று ஜிப்பாவும் பழையதாகிக் 'குர்தா' கொலுவிருக்கின்றது. ஓர் அயற்சொல் போய் இன்னோர் அயற்சொல்!

இத்தகைய சொற்கள் பல வந்த வழி அரசவை வழி. விசயநகர அவையினர் அணிந்த 'கபாய்' என்னும் நெடுஞ்சட்டையின் பெயரும் அரபுச்சொல்லே. பின்னர்த் திருச்சிராப்பள்ளி நவாபுகளின் கைக்கு வந்தது. வசூல், பாக்கி, ஜப்தி, தாலுகா, ஜில்லா — இவையனைத்தும் அரபு வேரின. ஆள்வோர் அலுவல்மொழி வழியே நம் ஊர்களில் நுழைந்தவை. ஆள்வோன் உடுப்பையும் அவன் தண்டிய வரியின் பெயரையும் ஒருசேரச் சுமந்தது தமிழன் முதுகு.

ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்வோம். இதனை இசுலாமியத் தமிழரைப் பழிக்கும் கருவியாக்குவோர் எம்மவர் அல்லர். அவர்கள் தொழுகை என்றனர், நோன்பு என்றனர், பள்ளிவாசல் என்றனர், பெருநாள் என்றனர். அரபு மறையை ஓதுவோர், தம் நெறியின் உயிரான செயல்களுக்கு நற்றமிழ்ப் பெயர் வைத்திருக்கின்றனர். காவிரியைக் கடந்து திருவரங்கத்துக்கு வாருங்கள். ஆழ்வார் பாடல் ஒலிக்கும் அக்கோயிலிலே, நம்பெருமாள், தாயார், அரையர் என அழகிய தமிழ் வழங்கும் அவ்வூரிலே, விழா 'உற்சவ'மாகவும், ஆடை 'வஸ்திர'மாகவும், படையல் 'பிரசாத'மாகவும் ஏன் ஆயின? நத்தர்வலி தர்காவுக்கு அருகே இருப்பது பள்ளிவாசல். திருவரங்கத்தில் திறப்பதோ 'பரமபத' வாசல்! எது தமிழ்? எண்ணிப் பாருங்கள். அதே கோயிலில் துலுக்க நாச்சியார்க்கும் இடமுண்டு. ரொட்டியும் வெண்ணெயும் படைக்கின்றனர். வேற்று உடையையும் உணவையும் ஏற்கும் நெஞ்சம் தமிழனுக்கு என்றும் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. உடுப்பை உடுத்துங்கள், பெயரை மட்டும் விடுங்கள்.

இனிச் செய்ய வேண்டுவது எளிது. தையற்காரரிடம் துணி கொடுக்கும்போது "நெடுஞ்சட்டை" என்றே சொல்லுங்கள். முதன்முறை அவர் விழிப்பார். நீளத்தைக் கையாற் காட்டுங்கள், விளங்கிக்கொள்வார். விலைச்சீட்டில் அச்சொல்லையே எழுதி வாங்குங்கள். பெயர்ப்பலகை எழுதும் கடைக்காரர் நம் அன்பராயின், அடுத்த பொங்கலுக்குள் பலகையை மாற்றச் சொல்லுங்கள். வண்ணச் செலவை அவ்வூர் அன்பர்கள் பகிர்ந்து கொள்ளலாம்.