பழைய அடுப்பைக் கொடுக்குமுன்

திருவருகைக் காலம் நெருங்கும்போது நம் இல்லங்களில் வெள்ளையடிப்பும் துப்புரவும் தொடங்கிவிடுகின்றன. பரண்மேல் கிடந்தவை யாவும் கீழே இறங்கும் நாள்கள் அவை. புதிய அடுப்பு வந்தபின் ஒதுக்கப்பட்ட பழைய எரிவாயு அடுப்பும் அவற்றுள் ஒன்று. பழைய இரும்புக் கடையில் போட்டால் சொற்பப் பணமே கிடைக்கும். ஆகவே, "ஏழைக் குடும்பம் எதற்கேனும் கொடுத்துவிடுவோமே" என்ற நல்லெண்ணம் எழுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த கோலத்திலேயே அந்த அடுப்பு பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களின் கைக்கு வந்து சேர்கிறது.

இந்நல்லெண்ணத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கிழிந்த ஆடையைக் கொடுத்தால் பெறுகிறவரின் மனம் புண்படும். பழுதுற்ற எரிவாயு அடுப்பைக் கொடுத்தாலோ ஓர் ஓலைக்குடிசையும் அதனுள் உறங்கும் குழந்தைகளும் ஆபத்துக்குள்ளாவர். நம் பிள்ளைகள் நடமாடும் சமையலறையில் எதைப் பற்றவைக்க நாம் அஞ்சுவோமோ, அதைப் பிறர் வீட்டுக்கு அனுப்புவது அறமாகாது. தூய்மை செய்து, சோதித்து, பாதுகாப்பானது என்று உறுதி செய்தபின் கொடுப்பதே கொடை.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கு நூலின் 31-ஆம் அதிகாரத்தில், மடத்துப் பண்டகசாலையின் பொறுப்பாளர் அங்குள்ள தட்டுமுட்டுப் பொருள்களையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல் மதித்துப் பேண வேண்டுமெனப் பணிக்கிறார். அடுப்பங்கரைப் பொருளுக்கும் அம்மதிப்பு உண்டு என்னும் உணர்வோடு வேலையைத் தொடங்குவோம்.

முதற்கண் ரெகுலேட்டரை மூடி, அடுப்பைக் குழாயினின்று பிரித்து, காற்றோட்டமான முற்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பாத்திரத் தாங்கிகளையும் பர்னர்களையும் எடுத்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பித்தளை பர்னரைப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்தால் பளிச்சிடும். அலுமினியப் பகுதிகளுக்குச் சலவைச் சோடா ஆகாது; அது அவற்றைக் கறுக்கச் செய்து அரித்துவிடும். பர்னரின் துளைகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி அடைப்பை நீக்கிக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். உள்ளே ஈரம் தங்கினால் சுடர் சீராக எரியாது.

அடுத்து, பலரும் கவனியாது விடும் பகுதி ஒன்றுண்டு. பர்னருக்குக் கீழே எரிவாயுவும் காற்றும் கலக்கும் குழல் அது. பரணில் கிடந்த அடுப்பின் குழலில் சிலந்தி வலை பின்னியிருக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கும். சிறு பித்தளைத் துவாரத்தினின்று விரைந்து வெளிவரும் எரிவாயு, பக்கத்துத் திறப்பின் வழியே காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இரண்டும் தக்க அளவில் கலந்தால் சுடர் நீலமாக எரியும். குழல் அடைபட்டுக் காற்றுக் குறைந்தால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படியும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகும். அடைப்பு மிகுந்தால் வாயு பின்னோக்கி வந்து, திருகு குமிழின் அருகே தீப்பற்றவும் கூடும். எனவே பாட்டில் கழுவும் நீண்ட தூரிகையால் குழலை முழுதும் துடைத்தெடுக்க வேண்டும்.

அந்தப் பித்தளைத் துவாரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவினது. அதில் ஊசியை நுழைத்துக் குடையாதீர்கள். துவாரம் பெரிதானால் வேண்டிய அளவுக்கு மேல் வாயு வெளிவரும். குமிழ் இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடுவதும் தவறு. வெப்பம் தாங்கும் தனி மசகு அதற்கு உண்டு. இவ்விரண்டையும் பழகிய அடுப்பு மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நலம்.

அடுப்பின் உடலைச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, சிறிது நேரம் கழித்து மென்துணியால் துடைத்தால் பிசுக்கு விட்டுவிடும். பழைய ரப்பர் குழாயை மட்டும் அடுப்போடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புதிய குழாயை வாங்கிக் கொடுங்கள். அதையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பெறுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

யாவும் பொருத்தியபின் குமிழ்களை மூடிவைத்து, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகள் தோறும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது ஒருகாலும் கூடாது. எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை நாம் உணர்வதற்காகவே நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கின்றனர். அது காற்றைவிடக் கனமானது; ஆதலின் தரையோரம் தங்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசைகளைத் தொடாமல் வெளியேறி, 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் குமிழ்வழி கசிவு நிற்காவிட்டாலோ, பர்னர் வெடித்திருந்தாலோ, துரு உடலைத் தின்றிருந்தாலோ மனந்தளராதீர்கள். அந்த அடுப்பு இரும்புக் கடைக்கே உரியது. அதை அங்கே போட்டுவிட்டு, கிடைக்கும் தொகையோடு நம் பணத்தையும் சேர்த்துப் புதிய குழாயொன்று வாங்கித் தேவைப்படுவோர்க்குக் கொடுத்தாலும் அது நற்செயலே.

மற்றொன்றும் நினைவிலிருக்கட்டும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் முன்வைப்புத் தொகை பெற்று எரிவாயு நிறுவனம் நம்மிடம் ஒப்படைத்தவை. அவற்றைப் பிறர்க்குக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை. இணைப்பு இல்லாத வீட்டில் அடுப்பு வெறும் அலங்காரப் பொருளே. ஆகையால் அக்குடும்பத் தலைவியின் பெயரில் இணைப்புக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். ஏழைப் பெண்களுக்கு இணைப்பு வழங்குவதற்காகவே உஜ்வலா திட்டம் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 14.2 கிலோ சிலிண்டரின் விலையை ஒரே வேளையில் திரட்ட இயலாதவர்க்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு.

தரையிலமர்ந்து விறகடுப்பில் சமைத்துப் பழகிய வீடுகளில் அடுப்பைத் தரையிலேயே வைத்துவிடுவார்கள். செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லை இட்டு, சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பு அமையும்படி செய்து கொடுங்கள். தீக்குச்சியைக் கொளுத்தியபின் குமிழைத் திருப்பவும், இரவில் ரெகுலேட்டரை மூடவும் கற்றுக்கொடுங்கள். உங்கள் எதிரிலேயே ஒருமுறை அவர்கள் பற்றவைக்கட்டும்.

பயன்பட்டவுடன் எறிந்துவிடும் பழக்கம் பொருள்களோடு நில்லாமல் மனிதரையும் ஒதுக்கும் மனப்பான்மையாக வளர்வதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பலகாலும் கண்டித்துவந்தார். 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட "லவுதாத்தோ சி" திருமடலிலும் அதைக் கண்டித்துள்ளார். மஞ்சளாய்ப் புகையும் அடுப்பைப் பெற்ற பெண், பங்குமக்கள் தன்னை எவ்வளவுக்கு மதிக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நாளும் பாத்திரத்தின் கரியைத் தேய்க்கையில் எண்ணிக்கொள்வாள். நீலச்சுடர் எரியும் அடுப்பைப் பெற்றவளோ கொடுத்தவரை மறந்தாலும் மறப்பாள். அதனால் குறையொன்றுமில்லை. அவ்வீட்டில் உலை கொதிக்கிறது, பிள்ளைகள் பசியாறுகின்றனர். நாம் விரும்பியது அதுவே அன்றோ!