முட்டைத் தட்டும் லயத்துப் பாதையும்

சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நின்று பார்த்தால் தெரியும், எமது ஆட்கள் மோட்டார் சைக்கிளில் எதையெல்லாம் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று. முட்டைத் தட்டு, டீவிப் பெட்டி, ஜன்னல் கண்ணாடி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இன்சுலின். ஆட்டோக் காசு மிச்சம். மெயின் ரோட்டில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தோட்டத்துக்குள் திரும்பிய பிறகுதான் உடைகிறது.

உடைந்தால் வீட்டில் கிடைப்பது ஏச்சு. "பார்த்துக் கொண்டுவரத் தெரியாதா?" இந்தக் கேள்வியில் பாதிதான் நியாயம்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறோம். முட்டைத் தட்டைப் பின் கெரியரில் கட்டக்கூடாது. பின் சில்லுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் குழியில் அதிகமாகத் தூக்கிப்போடும். சீட்டின் மேல், ஓட்டுபவரின் முதுகோடு ஒட்டினாற்போல், நாலாக மடித்த சாக்கை விரித்து அதன்மேல் வைத்து, பழைய டியூப் ரப்பரால் கட்டுங்கள். கயிறு இறுகினால் முட்டையை நசுக்கும், தளர்ந்தால் தட்டு ஆடும். ரப்பர் விட்டுக்கொடுக்கும். மேலே வெறும் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூட மறக்கவேண்டாம். டீவியை அதன் ரெஜிபோமோடு, பெட்டியிலேயே, நிமிர்த்தி வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். இன்சுலினை என்ஜின் சூடோ வெயிலோ படாமல் துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டவும் கூடாது, உறைந்துபோன மருந்தைப் பாவிக்க முடியாது. ஜன்னல் கண்ணாடியை மட்டும் மோட்டார் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம். காற்றுப் பிடித்து வண்டியைச் சாய்த்தால், பின்னால் இருந்து பிடித்து வருபவரின் கையையும் கழுத்தையும் அறுத்துவிடும். நாலு வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டோ பிடிப்பது இலாபம்.

இனி மற்றப் பாதி. ஒரு முட்டை 35 ரூபா என்று வைத்தாலும் 30 முட்டை 1,050 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பள்ளத்தில் பாதித் தட்டு போனால் கிட்டத்தட்ட அரைப் பேர் போன கணக்கு.

கொழுந்து விடயத்தில் நிர்வாகங்கள் காட்டும் கவனத்தைப் பாருங்கள். சாக்கில் அமுக்கித் திணிக்காதே, வெயிலில் வைக்காதே, சூடேறிச் சிவந்தால் தேயிலை கெட்டுப்போகும் என்று மலையிலேயே நின்று சொல்கிறார்கள். சரியான பேச்சுத்தான். கொழுந்து லொறி ஓடும் பாதைக்கு அவ்வப்போது கல்லும் மண்ணும் விழுகிறது. அதிலிருந்து லயத்துக்குப் பிரியும் துண்டுக்கு எத்தனை தோட்டங்களில் விழுகிறது? கொழுந்து நசுங்கக்கூடாது என்று தெரிந்தவர்களுக்கு, அதைப் பறித்தவளின் வீட்டுக்குப் போகும் முட்டையைப் பற்றி ஏன் தெரியவில்லை? பிரசவ வலியோடு கீழே இறக்கப்படும் பெண்ணும் அந்தத் துண்டில்தான் குலுங்கி வருகிறாள்.

"தோட்டப் பாதை எங்களுடையதல்ல" என்று பிரதேச சபைகள் நீண்டகாலம் சொல்லிவந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டினார்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபைகள் வேலை செய்ய வழி திறந்தாயிற்று. இன்னமும் பழைய பதிலையே சொல்லும் உறுப்பினர் இருந்தால் (எமது வாக்கில் சபைக்குப் போனவராகவும் இருக்கலாம்) திருத்தத்தை வாசித்தாரா என்று கேளுங்கள்.

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே உட்கார்ந்து, எந்தத் துண்டு, எத்தனை மீற்றர், எத்தனை குடும்பம் என்று எழுதி, சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் கையளிக்க வேண்டும். ஒரு பிரதி துரைக்கு, ஒன்று எமது மாவட்டக் காரியாலயத்துக்கு. படமும் இணையுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்தால் குழியின் ஆழம் தெரியும்.