அழுவதற்கும் அனுமதி வேண்டுமா?

எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில் எவரும் புற்றுநோயால் இறப்பதில்லை. காலமாகிறார்கள், அவ்வளவுதான். நோயின் பெயரை எழுதக் குடும்பத்தார் விரும்புவதில்லை. அது மார்பகத்தில் வந்த நோயாயின் மௌனம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஆனால், ஒக்டோபர் பிறந்ததும் அதே பத்திரிகைகள் இளஞ்சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டு, நோயை வென்ற வீராங்கனைகளைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. பதினொரு மாதம் மறைக்கிறோம், ஒரு மாதம் கொண்டாடுகிறோம். இரண்டிலும் அந்தப் பெண்ணின் துயரத்துக்கு இடமில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்டின் வலது மார்பகம் 1978 இல் அகற்றப்பட்டது. கம்பளிப் பஞ்சாலான செயற்கை மார்பகம் ஒன்றை உடனேயே அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அதனை அணிய மறுத்தார். சில நாட்களின் பின் சத்திரசிகிச்சை நிபுணரைக் காணச் சென்றபோது, அணியாமல் வருவது அங்கு வருவோரின் மனோதிடத்தைக் கெடுக்கும் என்று தாதி ஒருவர் கடிந்துகொண்டார். போரில் கண்ணிழந்த இஸ்ரேலியத் தளபதி மொஷே தயானிடம் கண்ணாடிக் கண் பொருத்தும்படி எவரும் கேட்கவில்லையே என்று 1980 இல் வெளியான தமது நூலில் லோர்ட் எழுதினார். செயற்கை மார்பகம் அணிவதும் அணியாததும் அந்தந்தப் பெண்ணின் விருப்பம். பார்ப்பவரின் வசதிக்காக அவள் தன் இழப்பை மறைக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பையே அவர் எதிர்த்தார்.

மறைக்கச் சொன்ன காலம் போய், சிரிக்கச் சொல்லும் காலம் வந்தது. எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் அதனையும் கண்டார். தமது நோய் அனுபவம் பற்றி 2001 இல் எழுதிய கட்டுரையில், இளஞ்சிவப்பு நாடாக்களும் கரடிப் பொம்மைகளும் நோயாளியின் நியாயமான கோபத்தை எவ்வாறு வாயடைக்கின்றன என்று அவர் கடுமையாகச் சாடினார். இந்த 'வெற்றி'ப் பேச்சில் இன்னொரு கொடுமையும் உண்டு. பிழைத்தவர் வீராங்கனை என்றால், இறந்தவர் யார்? துணிவு போதாதவரா?

மனத்தைத் தளரவிட்டால் நோய் முற்றிவிடாதா என்று உறவினர் கேட்பர். நோய் பரவிய நிலையிலிருந்த 235 பெண்களிடம் கனடாவில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2001 இல் வெளியானது. குழுவாகக் கூடி மனந்திறந்து பேசும் சிகிச்சை ஆயுளை நீட்டவில்லை. ஆனால், மிகுந்த வேதனையில் இருந்தோரின் மனச்சுமையும் வலியும் தணிந்தன. பேசுவதால் உயிர் நீளாவிட்டாலும் இருக்கும் நாட்களின் பாரம் குறைகிறது. அந்த ஆறுதலைத் தடுக்க எமக்கு என்ன உரிமை?

இலங்கைப் பெண்களிடையே புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. மகரகம வைத்தியசாலை நெடுங்காலமாக இயங்குகிறது. 2011 இல் தென்முனையிலிருந்து வடமுனைவரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பளையிலும் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. பெண்களைப் பரிசோதிக்கவென 1996 இல் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. இவையெல்லாம் இருந்தும், வலியில்லாத கட்டிதானே என்று மகளின் திருமணம் முடியும்வரை ஒளித்துவைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். கட்டியை ஒளிக்கக் கற்றுக்கொடுத்த அதே வெட்கம்தான் பின்னர் கண்ணீரையும் ஒளிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

சிகிச்சை முடிந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைகின்றனர். அவளுக்கோ முடிவதில்லை. அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட கை வீங்கக்கூடும். ஹோர்மோன் மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ விழுங்கவேண்டியிருக்கலாம். முதுகு நொந்தாலும் நோய் திரும்பியதோ என்று நெஞ்சு பதறும். பிள்ளைக்குப் பாலூட்டிய உறுப்பு இல்லாமற்போனதை எண்ணி அழுபவளிடம், "இந்த வயதில் அது எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. வயதுக்கும் இழப்புக்கும் என்ன சம்பந்தம்? கால் இழந்தவனிடம், உனக்கு இனி ஓட்டப்பந்தயமா என்று கேட்போமா?

சத்திரசிகிச்சைக்கு முன்னரே அவளோடும் கணவனோடும் உளவளத்துணையாளர் அமர்ந்து பேசவேண்டும். அது சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும். பத்திரிகைகள் நோயின் பெயரை அச்சிடப் பழகட்டும். வீராங்கனை வேடத்தை அவள்மீது சுமத்தாதிருக்கட்டும். வீட்டார் செய்யவேண்டியது இன்னும் எளிது: அவள் அழும்போது தேற்ற அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கள்.