இடையிலே தரகர் எதற்கு?

குற்றாலத்துச் சாரல் இலஞ்சியின் வயல்களை நனைத்துக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுது. பள்ளி முடிந்து புறப்பட்ட என்னை வாயிலிலே நிறுத்தினான், முன்னாள் மாணவன் ஒருவன். பட்டம் பெற்றவன். பீடி சுற்றிச் சுற்றி விரல் காய்த்துப்போன தாய், அரை வயிறு உண்டு படிக்க வைத்த பிள்ளை.

“ஐயா, தொகுதி 4 வேலைக்கு ஒருவர் ஏற்பாடு செய்து தருகிறாராம். முன்பணம் ஐம்பதாயிரம். நேர்முகத் தேர்வைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கம்மலை அடகு வைக்க அம்மா துணிந்துவிட்டாள். கொடுக்கலாமா?” என்றான்.

சினம் வந்தது எனக்கு, ஆனால் அவன்மீதன்று. அவன் கையிலே கைப்பேசி இருந்தது. அதிலே திரைப்படம் ஓடியிருக்கிறது, பாட்டு ஒலித்திருக்கிறது, அரட்டை நடந்திருக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வலைத்தளம் மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை! பள்ளிப் படிக்கட்டிலேயே அமர்ந்து திறந்தோம். அறிவிக்கை இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் இருந்தன. படித்தான். படிக்கப் படிக்க முகம் வெளிறினான். தொகுதி 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது! எழுத்துத் தேர்வு ஒன்றுதான். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய். இல்லாத வீட்டுக்கு வாடகை கேட்ட கதையாக, இல்லாத தேர்வுக்கு ஐம்பதாயிரம் விலை பேசியிருக்கிறான் ஒரு வீணன்!

தோழர்களே! தரகு நமக்குப் புதிதன்று. எங்கே வேலை காலி என்பதை ஒரு சிலரே அறிவர். அறிந்தவர் தம் மைத்துனருக்குச் சொல்வர், மருமகனுக்குச் சொல்வர். மாட்டுக் கொட்டகையிலே பிறந்தவனுக்கு யார் சொல்வர்? அந்தக் கோட்டையைத் தகர்க்கத்தான் நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் வகுப்புரிமை ஆணை பிறப்பித்தது. 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார் அதற்கு உயிரூட்டினார். 1929-இல், வேறெந்த மாகாணத்துக்கும் முன்பாக, சென்னையிலே பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. 1951-இல் வகுப்புரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாதெனச் சொன்னபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே பிறந்தது. காலியிடத்தை மறைக்காதே, வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவி என்று கட்டாயப்படுத்தும் சட்டம் 1959-இல் வந்தது.

இவ்வளவு போராட்டத்துக்கும் அடிப்படை என்ன? வேலை பற்றிய செய்தி ஊருக்கெல்லாம் பொது என்பதே!

அந்தச் செய்தி இன்று உள்ளங்கையிலே கிடக்கிறது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இல் தொடங்கப்பட்டது. தனியார் துறைப் பணியிடங்களுக்கெனத் தமிழ்நாடு அரசு தனித்தளம் நடத்துகிறது. போட்டித் தேர்வுப் பாடங்களை வேலைவாய்ப்புத் துறை இணையவழி இலவசமாகத் தருகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றிப் பயிற்சி தருகின்றன. நமக்கு அருகே மத்தளம்பாறையிலே சோஹோ நிறுவனம் மென்பொருள் அலுவலகம் நடத்துகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாதவர்க்கும் பயிற்சி தரும் அதன் பள்ளியைப் பற்றிய விவரம் அதன் தளத்திலேயே இருக்கிறது. கூப்பிடு தூரத்துக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட, நமக்குத் தரகன் தேவையா?

இணையத்திலே வருவதெல்லாம் உண்மை என்று நம்புவதும் மடமையே. தாய்லாந்திலே கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று கைப்பேசியிலே வந்த சொல்லை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், 2022-இல் மியான்மரின் மியாவாடியிலே அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் இணைய மோசடித் தொழிலுக்கு அடிமைகளாக்கப்பட்டார்கள். எச்சரிக்கை விடுத்தது வெளியுறவு அமைச்சகம். அந்த அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்திலே, பதிவு பெற்ற முகவர் யார், பெறாதவர் யார் என்று எவரும் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியுமே பெறலாம். அதற்குமேல் கேட்பது குற்றம். பார்க்க ஐந்து நிமிடம். பார்க்காததன் விலையோ, முள்வேலிக்குள் ஒரு வாழ்வு!

யார் சொன்னாலும் எங்கே படித்தாலும், ஏன் எதற்கு என்று கேள் என்பதுதானே நாம் கற்ற பாடம்? வேலை விளம்பரத்தையும் அப்படியே கேள். யார் வெளியிட்டது? அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலே இருக்கிறதா? வேலை தருபவன் உன்னிடம் ஏன் பணம் கேட்கிறான்? மூன்றுக்கும் விடையில்லையேல் விலகு. பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டு முடங்காதே. உடனே 1930 என்ற எண்ணை அழை.

“எல்லாம்தான் கைப்பேசியிலே இருக்கிறதே! வேலை கிடைக்கவில்லை என்பவன் சோம்பேறி!” என்று சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு பேசும் பெரிய மனிதர்களுக்கும் ஒரு சொல். தனியார் அறிவிப்புகளிலே பெரும்பாலானவை ஆங்கிலத்தில். தன்விவரக் குறிப்பு எப்படி எழுதுவதென்று கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. தனக்கென ஒரு கைப்பேசி இல்லாத பெண்கள் எத்தனை பேர் நம் தெருக்களில்! அண்ணன் வீடு திரும்பும்வரை காத்திருந்து, அவன் தந்தால் பார்க்கும் தங்கையைச் சோம்பேறி என்பீரா? கதவைத் திறந்து வைத்தால் போதாது. படியும் கட்ட வேண்டும். தனியார் பணி அறிவிப்புகள் தமிழிலும் வெளிவர அரசு வழி செய்யட்டும்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? எழுத்தறியாதவர்க்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக்காட்டி ஊரை விழிக்கச் செய்தவை நம் படிப்பகங்கள். அதே படிப்பகத்திலே இன்று ஒரு கணினி வையுங்கள். ஞாயிறுதோறும் ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், அறிவிக்கையை வரிவரியாகப் படித்து விளக்குங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்காதீர்கள், நிரப்பக் கற்றுக்கொடுங்கள். இல்லையேல் நாமும் ஒருநாள் தரகராவோம்!

அந்தத் தாயின் கம்மல் காதிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதா? இல்லை, இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். வென்றாலும் தோற்றாலும் அது அவனுடைய மதிப்பெண். எவனுடைய தயவும் அன்று. அந்த நிமிர்வுக்குத்தான், தோழர்களே, நம் முன்னோர் போராடினார்கள்!