உயிரைக் காத்தீர், கையை ஏன் கைவிட்டீர்?

எலுவன்குளம் என்றதும் நம் அரசியல்வாதிகளுக்கு நினைவுக்கு வருவது ஒன்றே: வில்பத்துக் காட்டை ஊடறுத்து மன்னாருக்குச் செல்லும் பழைய பாதை. அதற்காக மேடைகள் முழங்கின, வழக்கும் நடந்தது. வடக்கே போகும் பாதைக்கு இத்துணை ஆரவாரம்! தெற்கே, வைத்தியசாலைக்குப் போகும் பாதையைப் பற்றிப் பேச ஒரு நா உண்டா?

கலா ஓயாவின் நீரை நம்பி வாழும் கமக்காரன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். எச்.ஐ.வி. கிருமி அவன் உடலில் உண்டு. ஆயினும் நாள்தோறும் மருந்துண்டு, கிருமியை அடக்கி, வயலில் இறங்கி உழைக்கிறான். ஒரு விடியற்காலையில் பாரிசவாதம் தாக்குகிறது. வலக்கை எழவில்லை, சொல் குழறுகிறது. வைத்தியர்கள் உயிரைக் காக்கின்றனர். பின்னர்? வீடு, பாய், சுவர்.

இஃது அரிதினும் அரிது என்று தட்டிக்கழிக்க வேண்டாம். இக்கிருமி இரத்தக் குழாய்களில் நீடித்த அழற்சியை மூட்டுவதால், இதனுடன் வாழ்வோரைப் பாரிசவாதம் மற்றவரிலும் கூடுதலாகத் தாக்குகிறது, இளவயதினரையும் விடுவதில்லை.

இலங்கை அரசாங்கம் 2004 முதல் இதற்கான மருந்தை இலவசமாக வழங்குகிறது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்தமைக்காக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றது. மெச்சுகிறோம். ஆனால் மருந்து கொடுத்து வாழவைத்த மனிதனைப் பாயிலே கிடத்திவிடுவது எந்த ஊர் நீதி?

பாரிசவாதத்தில் இழந்த அசைவு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே மீள்கிறது. அந்நாட்களில் இயன்மருத்துவர் கையையும் காலையும் பிடித்து இயக்க வேண்டும். குழறும் நாவுக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். சோறுண்ணவும் மண்வெட்டி பிடிக்கவும் மீளப் பழக்க வேண்டும். பேர்பெற்ற புனர்வாழ்வு வைத்தியசாலையோ றாகமவில்! புத்தளம் நகரிலிருந்தே நூறு கிலோமீற்றருக்கு அதிகம். காலை இழுத்து நடப்பவனை எத்தனை முறை பேருந்தில் ஏற்றுவது? அன்றாடக் கூலியை விட்டு உடன் செல்வது யார்?

தூரம் ஒரு தடை. அச்சம் அதனினும் பெரிய தடை. தொடுவதால் இக்கிருமி தொற்றாது. கைகால் பயிற்சியால் எவருக்கும் ஆபத்தில்லை. படித்தவரும் இதை அறிவர். அறிந்தும் கட்டிலை மூலைக்குத் தள்ளுவோர் உளர். நம் ஊராரும் குற்றமற்றவரல்லர். வேலிக்கு வேலி கிசுகிசுப்பவர் யார்?

சட்டம் என்ன சொல்கிறது? 2016இல் குளியாப்பிட்டியில், எச்.ஐ.வி. பற்றிய வதந்தியை நம்பி ஒரு சிறுவனைப் பள்ளியில் சேர விடாது தடுத்தனர். அவ்வாண்டே உயர் நீதிமன்றம், இக்கிருமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வியுரிமையை அரசு காக்க வேண்டுமெனக் கூறியது. பள்ளிக்கு ஒரு நீதி, வைத்தியசாலைக்கு ஒரு நீதியா? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை யாவரும் சமன் என்கிறது. மீறினால் ஒரு மாதத்துள் மனுச் செய்க என்கிறது 126ஆம் உறுப்புரை. வாய் குழறிப் பாயில் கிடப்பவன் ஒரு மாதத்துள் கொழும்பிலே வழக்கறிஞரைத் தேடுவதாம்! என் தொழிலைச் சேர்ந்தோர் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

புத்தளத்தின் பிரதிநிதிகளே, இயன்மருத்துவரை வாரந்தோறும் கரையோரக் கிராமங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டாருக்குப் பயிற்சியைத் தமிழிலும் கற்பிக்கச் சொல்லுங்கள். கிருமிக்கு மருந்து தரும் வைத்தியரும் பாரிசவாதத்தைப் பார்க்கும் வைத்தியரும், நோயாளியின் சம்மதத்துடன், இரகசியம் காத்து ஒருவரோடொருவர் பேசட்டும். றிற்றோனவிர் உண்பவனுக்குச் சிம்வாஸ்ரற்றின் கொடுத்தல் ஆகாது என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவிலிருக்கும். அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில், சுகாதார அமைச்சின் செலவினம் வரும் நாளன்று, எழுந்து நின்று இதைக் கேட்பீர்களா?