பெய்யும், பெய்யலாம், பெய்யக்கூடும்



இந்தப் பதிவைச் சற்றுக் கோபத்துடன்தான் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என்மீதே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, உயர்நிலை ஒன்று மாணவர்களைச் சிராங்கூன் சாலைக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் செல்வதாக இருந்தோம். தேக்காச் சந்தையில் தொடங்கி, வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து, சீனிவாசப் பெருமாள் கோயில்வரை நடப்பது. வழியில் உள்ள கடைப் பலகைகளின் தமிழைக் குறித்துக்கொண்டு வருவது. அன்று காலை வானிலை முன்னறிவிப்பைப் பார்த்த பிறகு பயணத்தை ஒத்திவைத்தோம். பெற்றோருக்குக் குறுஞ்செய்தி எழுதி அனுப்பியவன் நான்தான். பிற்பகல் வந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு துளி இல்லை. கண்ணைக் கூசும் வெயில்.

துணைக்கு வருவதற்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்த தந்தை ஒருவர், "இவர்கள் சொன்னால் மழை வராது சார், சொல்லாவிட்டால்தான் வரும்" என்று எழுதினார். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒரு சிரிப்பு முகத்தை இட்டேன். மறுவாரம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "ஆசிரியர், வானிலைக்காரங்க பொய் சொல்லிட்டாங்களா?" நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து காலையில் வந்த முன்னறிவிப்பை மீண்டும் படித்தபோதுதான் சுருக்கென்றது. தீவின் சில பகுதிகளில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பதே அதன் பொருள். நான் பெற்றோருக்கு எழுதியதோ, "பிற்பகலில் மழை பெய்யும் என்பதால் பயணம் ஒத்திவைக்கப்படுகிறது." 'சில பகுதிகளில்' என்பதையும் நீக்கியிருக்கிறேன், 'கூடும்' என்பதையும் நீக்கியிருக்கிறேன். பொய் சொன்னவர் யார்? வினைமுற்றைக் கற்பிப்பதற்காகவே சம்பளம் வாங்கும் தமிழாசிரியன், ஒரு துணைவினையை விழுங்கிவிட்டுப் பழியை வானிலை ஆய்வகத்தின்மீது போட்டிருக்கிறான்.

என் வழக்கை முன்வைக்கிறேன். மழை குறைந்துபோகும் நாள்களில் வானிலையாளரை ஏசுவது நம்மிடையே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அது வெறும் வேடிக்கை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏச்சில் மொழிப்பிழை இருக்கிறது, கணக்குப்பிழை இருக்கிறது. சில வேளைகளில் உயிருக்கு உலைவைக்கும் பிழையும் இருக்கிறது.

நம் தீவின் மழையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் ஈரக்காற்று மேலே சென்று திரண்டு, ஓரிரு மணி நேரத்தில் கொட்டிக் கலைந்துவிடும் இடிமழை. ஜூரோங்கில் வடிகால் நிரம்பி ஓடும்போது தெம்பனீஸில் துணி காய்ந்துகொண்டிருக்கும். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் காற்றுமழையும் அப்படித்தான். கடலிலேயே வலுவிழந்து, நம் கரையை அடையும்போது வெறும் மேகமூட்டமாய் முடிந்துபோவதும் உண்டு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கப் போகிறது என்பதை எவரும் சொல்லிவிடலாம். முதல் குமிழி பாத்திரத்தின் எந்த மூலையில் எழும் என்று முன்கூட்டிச் சொல்லச் சொன்னால்? தேக்காவில் பெய்யுமா, பெண்டமியரில் பெய்யுமா என்று காலை ஏழு மணிக்கு நாம் கேட்பது அத்தகைய கேள்வி. அதனால்தான் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் நாள் முழுமைக்குமான அறிவிப்போடு நில்லாமல், ராடாரைப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்கான கணிப்பையும் தனியே வெளியிடுகிறது. அதைப் பிற்பகலில் ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை.

சொன்னபடி பெய்த நாளை நாம் நினைவில் வைப்பதும் இல்லை. 2025 பொங்கலுக்கு முந்திய வார இறுதியை எண்ணிப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துத் தொடர்மழை தரும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் 250 மி.மீ.க்கும் மேல் பெய்தது. அது ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியைவிட அதிகம். கரும்பும் பானையும் வாங்கப் போனவர்கள் நனைந்து வந்தார்கள். "சொன்னது போலவே பெய்தது" என்று பெற்றோர் குழுவில் ஒருவரேனும் எழுதினாரா? எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

நம்மில் பலருக்குச் சொந்தங்கள் தமிழகத்தில் உண்டு. அதனால் அங்கு நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுபோனது. இவ்வளவு பெய்யும் என்று முன்னறிவிப்பு சொல்லவில்லை என மாநில அரசு குறைகூறியது. வானிலைத் துறை அதை மறுத்தது. அப்போது எங்கும் எழுந்த கேள்வி, "ஏன் குறைத்துச் சொன்னீர்கள்?"

பத்து மாதம் கழிந்தது. 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை. முந்திய ஆண்டு வெள்ளங்களை மறக்காத வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். 15-ஆம் தேதி நல்ல மழை. வடசென்னைப் பக்கம் கொட்டியே தீர்த்தது. ஆனால் அஞ்சிய 16-ஆம் தேதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் மழைமேகங்கள் வடக்கே ஆந்திரக் கரையை நோக்கி விலகிவிட, நகரத்தில் எதிர்பார்த்த மழையில் சிறு பங்குகூடப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலையில் சென்னைக்கு வடக்கே அருகிலேயே கரையைக் கடந்தது. உடனே கேலிப் படங்கள் பெருகின. மேம்பாலத்துக் கார்கள் நகைச்சுவையாயின. இப்போதைய கேள்வி, "ஏன் கூட்டிச் சொன்னீர்கள்?"

குறைத்துச் சொன்னாலும் குற்றம், கூட்டிச் சொன்னாலும் குற்றம் என்றால் அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் என்னதான் சொல்வார்? மேம்பாலத்தில் காரை நிறுத்தியவர் ஏமாந்தவர் என்று சிரிக்கிறோமே, 2015 டிசம்பரில் கார் மட்டுமன்றிக் கட்டிலும் சோறும் வெள்ளத்தில் போன தெருக்காரர் அவர். அவர் செய்தது முட்டாள்தனம் என்று பிள்ளைகள் முன்னால் நாம் சிரித்தால், அடுத்த சிவப்பு எச்சரிக்கைக்கு யார் அசைவார்கள்?

அந்தச் சிவப்பு எச்சரிக்கையிலும் சொற்கள் இருந்தன. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளைத் தமிழாசிரியர்கள் ஒருமுறை பாடநூல்போல் படிக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்', 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று நான்கு படிகள். அலங்காரத்துக்காக மாற்றி மாற்றிப் போட்ட சொற்கள் அல்ல இவை. மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் பெய்தால் ஓரிரு இடங்கள். அதற்குமேல் பாதிவரை ஒருசில. பாதிக்கு மேல் முக்கால்வரை பல. முக்காலுக்கும் மேல் பெரும்பாலான. அளவுக்கும் அப்படியே: ஒரு நாளில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை, 115.6 மி.மீ. எட்டினால் மிகக் கனமழை, 204.4 மி.மீ.ஐயும் தாண்டினால் அதிகனமழை. (அறிக்கையில் 'மிக கனமழை' என்று ஒற்று விடுபட்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. அது வேறு கதை.) நம் மொழியில் ஐயத்தை இவ்வளவு நுட்பமாக அளந்து எழுதும் உரைநடை இன்று வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 'சென்னையில் ஓரிரு இடங்களில் அதிகனமழைக்கு வாய்ப்பு' என்று அவர்கள் எழுதியது, 'சென்னையை மிரட்டப் போகும் பேய்மழை' என்று தலைப்பாகி, 'நாளைக்குச் சென்னையே மூழ்கப் போகுதாம்' என்று நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேருகிறது. முதல் வாக்கியம் 16-ஆம் தேதியும் பொய்யாகவில்லை. வாய்ப்பு இருந்தது; அது கைகூடவில்லை. பொய்யானவை பின்னிரண்டும். அவற்றை எழுதியவர்களும் அனுப்பியவர்களும்தான் மறுநாள் உரக்கச் சிரித்தவர்கள்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய வியாதி என்று சொல்லமாட்டேன். நம் மாணவர்கள் கட்டுரையில் ஆசையாய் எழுதும் பனிப்பொழிவு நாடுகளிலும் இதே கூத்து உண்டு. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்தில் 50 முதல் 75 செ.மீ. வரை பனி குவியும் என்று முன்னறிவித்தார்கள். பனிக்காக அந்நகரத்துச் சுரங்க ரயிலை மூடியது அதுவே முதன்முறை. புயல் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கிழக்கே விலகிச் சென்றது. நகரின் மத்தியப் பூங்காவில் விழுந்தது 25 செ.மீ.தான். ஊரே நகைத்தது. கிழக்கே லாங் ஐலண்டிலும் பாஸ்டனிலும் இரண்டடிப் பனி குவிந்ததை நகைத்தவர்கள் பார்க்கவில்லை. அண்டை மாநிலப் பகுதிக்குப் பொறுப்பான வானிலை அலுவலர் ஒருவர் அன்றிரவே பொதுமக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்தபோது எனக்கு மதிப்புத்தான் கூடியது.

ஆனால் வானிலையாளர் என்ன செய்தாலும் சரி என்று வாதிட நான் வரவில்லை. 2017 மார்ச்சில் அதே நியூயார்க்கில் ஓரடிக்கும் மேற்பட்ட பனி என்று அறிவித்திருந்தார்கள். முந்திய நாள் பிற்பகலிலேயே கணினிக் கணிப்புகள் குறைவான அளவைக் காட்டத் தொடங்கிவிட்டன. திடீரென்று குறைத்தால் மக்கள் குழம்புவார்கள், அசட்டையாகிவிடுவார்கள் என்று கருதி, பெரிய அளவையே மாற்றாமல் விட்டார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. மறுநாள் மத்தியப் பூங்காவில் விழுந்தது எட்டு அங்குலத்துக்கும் குறைவு. நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம். ஆயினும் இதை நான் மன்னிக்க மாட்டேன். தமக்கு இருந்த ஐயத்தை மக்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். ஏன் மறைத்தார்கள்? மக்களுக்கு 'கூடும்' என்ற சொல் புரியாது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் 1960-களிலிருந்து மழை வாய்ப்பை விழுக்காட்டில் சொல்கிறார்கள். 70 விழுக்காடு என்று சொன்ன நாள்கள் பத்தை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஏறத்தாழ ஏழில் பெய்து மூன்றில் பெய்யாமல் இருந்தால்தான் கணிப்பு சரி. பத்து நாளும் பெய்துவிட்டால் அவர் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். பெய்யாத அந்த மூன்று நாள்களும் அவர் சொன்னதற்குள் அடங்கியவை. கணக்கு ஆசிரியரிடம் இதைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் விளக்குவார். நாமோ பெய்யாத ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா?" என்கிறோம்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மழை வராமையை நாம் 'பொய்த்தல்' என்றே சொல்லி வந்திருக்கிறோம். வள்ளுவரும் வான்சிறப்பு அதிகாரத்தில் அந்த வினையையே ஆள்கிறார். ஆனால் அங்கே பொய்ப்பது வானம். வானம் தவறியதை வானத்தின்மேல் வைத்துப் பேசினர் முன்னோர். நாம் வானத்தை விட்டுவிட்டு, அதை அண்ணாந்து பார்த்துக் கணக்கிட்டவனைப் பொய்யன் ஆக்கிவிட்டோம்.

பெற்றோர்களே, உங்களை நோகடிக்க எழுதவில்லை. ஆனால் வீட்டில் பிள்ளை கேட்கும்போது, "அவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லும் முன் ஒரு கணம் நில்லுங்கள். பிள்ளையின் தேர்வைப் பற்றி நாங்கள் "நன்றாகச் செய்யக்கூடும்" என்று பெற்றோர் சந்திப்பில் சொன்னால், "உறுதியாகச் சொல்லுங்கள் சார்" என்று கேட்கிறீர்கள். நாங்களும் சங்கடப்பட்டு "செய்வான்" என்கிறோம். முடிவு வந்ததும் இரு தரப்பும் பிள்ளையைப் பார்க்கின்றன. அதே நோய்தான் இதுவும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. 'பெய்யும்', 'பெய்யலாம்', 'பெய்யக்கூடும்' ஆகிய மூன்றையும் எதிர்காலம் என்ற ஒரே தலைப்பில் கட்டி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, எதை எழுதினாலும் மதிப்பெண் போடுகிறோம். நானும் பல்லாண்டு அப்படித்தான் போட்டேன்.

அந்த மாணவனிடம் மறுநாளே போய், நான் சொன்னது தவறு என்றேன். வகுப்பு முழுவதற்கும் ஒரு குறிப்பேடு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டங்கள்: காலையில் அறிவிப்பு சொன்னது, சொன்னபடியே, ஒரு சொல்லும் மாறாமல், அவரவர் வீட்டருகே பெய்தது, பள்ளியருகே பெய்தது. வாரக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வகுப்பில் எழும் சண்டை சுவையானது. பூன் லேயில் இருப்பவள் "பெய்தது" என்கிறாள், பாசிர் ரிஸில் இருப்பவன் "இல்லவே இல்லை" என்கிறான். இருவரும் கட்டத்தைக் காட்டுகிறார்கள்.

ஒத்திவைத்த சிராங்கூன் பயணமும் பிறகு நடந்தது. இம்முறை பெற்றோருக்கு, "மழை பெய்யக்கூடும், குடை கொடுத்து அனுப்பவும்" என்று எழுதினேன். கேம்பல் லேன் அருகே கால்மணி நேரம் பெய்தது. அஞ்சடிப் பாதையில் பூக்கடையோரம் ஒதுங்கி நின்று, எதிர்ப்பக்கத்துப் பலகைகளைப் படித்து முடித்தோம்.

குறிப்பேட்டின் மாதிரிப் படிவம் வேண்டும் ஆசிரியர்கள் எழுதிக் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.